வீட்டிலேயே இருவருக்கு ஓர் இரவு விருந்து: முதன்முறை ஏற்பாடு செய்பவர்களுக்கு

துணைக்காக வீட்டிலேயே ஓர் இரவு விருந்து சமைக்க வேண்டும் என்று முடிவு செய்பவர்களில் பெரும்பாலோர் முதலில் செய்வது, பிறரை வியக்கவைக்கும் ஒரு சமையற்குறிப்பைத் தேடுவதுதான். அங்கிருந்து தொடங்கும் விருந்து பெரும்பாலும் ஒரே விதமாகவே நடந்து முடிகிறது: ஒருவர் மேசையில் தனியே அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார், மற்றவர் வியர்த்து வழிய அடுப்புக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருப்பார். பத்துப் பேர் கூடும் விருந்தில் சமைத்தவர் கால் மணி நேரம் காணாமற்போனால் எவருக்கும் தெரியாது. இருவர் மட்டும் உண்ணும்போது ஒருவர் எழுந்தாலே பாதி விருந்து எழுந்துவிடுகிறது. ஆகவே, எந்த உணவைத் தேர்ந்தெடுக்கும்போதும், எந்த ஏற்பாட்டைச் செய்யும்போதும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது: துணை வந்து அமர்ந்த பின் நான் எவ்வளவு நேரம் சமையலறையில் நிற்க வேண்டியிருக்கும்? எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் அது அடங்கிவிட வேண்டும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்தப் பதினைந்து நிமிடங்களைக் கருதியே அமைந்தது.

நாளைக் குறிப்பதும் கேட்டுத் தெரிந்துகொள்வதும்

திருமண நாள், பிறந்த நாள் போன்றவற்றில்தான் முதல் விருந்து நடக்க வேண்டும் என்பதில்லை. அத்தகைய நாட்களில் எதிர்பார்ப்பு ஏற்கெனவே கூடுதலாக இருக்கும். சமையல் பழகாதவருக்கு அந்தச் சுமை தேவையற்றது. மறுநாள் அதிகாலையில் இருவருக்கும் வேலை இல்லாத, முந்தைய மாலையில் உங்களுக்கு ஓரிரு மணி நேரம் ஓய்வு கிடைக்கக்கூடிய ஒரு சாதாரண நாளே போதும். வீட்டில் குழந்தைகளோ பெரியவர்களோ இருந்தால், அவர்களுடைய இரவு உணவையும் உறக்கத்தையும் அன்று முன்கூட்டியே கவனித்துக்கொள்ள ஒரு வழி செய்துவிட்டு நாளைக் குறியுங்கள்.

எதிர்பாராத மகிழ்ச்சி கொடுக்க வேண்டும் என்ற ஆசையில் நேரத்தையே மறைத்துவிடுகிறவர்கள் உண்டு. துணை வெளியே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து நிற்கும்போது அந்த ஆசைக்குப் பொருளில்லாமல் போகிறது. உணவு என்ன என்பதை மறைக்கலாம். உட்காரும் நேரத்தை மறைக்கக் கூடாது. "சனிக்கிழமை எட்டு மணிக்கு வீட்டில் சாப்பிடுகிறோம், மாலையில் நொறுக்குத் தீனி வேண்டாம்" என்று சொல்லிவைப்பதில் எந்த இரகசியமும் உடைந்துவிடாது.

அதே பேச்சில் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். எது உடலுக்கு ஒத்துக்கொள்ளாது என்பது ஒன்று. எது பிடிக்காது என்பது மற்றொன்று. பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்பவர்களுக்கு இது தேவையில்லை என்று தோன்றலாம். ஆனால் பழகத் தொடங்கிச் சில வாரங்களே ஆனவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். பால், முட்டை, நிலக்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், கோதுமை, சோயா, மீன், இறால், எள் ஆகியவையே ஒவ்வாமையை மிகுதியாக உண்டாக்கும் உணவுகள். ஒவ்வாமை உள்ளவருக்கு மிகச் சிறிய அளவும் ஆபத்தாகலாம் என்பதால், அந்தப் பொருளைச் சற்றுக் குறைத்துப் போடுவது தீர்வாகாது. அன்றைய சமையலில் அந்தப் பொருளே இருக்கக் கூடாது. அதைத் தொட்ட கரண்டியும் வெட்டுப் பலகையும் நன்றாகக் கழுவப்பட்டிருக்க வேண்டும்.

உணவுப் பட்டியல்

மூன்று வகை உணவு போதும். அவற்றுள் ஒன்று முந்தைய நாளே முழுமையாக முடிந்து குளிர்ந்திருக்க வேண்டும். ஒன்று முந்தைய நாளே சமைக்கப்பட்டு, சூடு மட்டும் காட்டவேண்டியதாக இருக்க வேண்டும். ஒன்று மட்டுமே அந்த நேரத்தில் வேக வேண்டும், அதுவும் நீங்கள் அருகில் நின்று கிளறாமல் தானாக வேக வேண்டும். இந்த விதியைப் பின்பற்றினால் உணவின் பெயர்கள் எதுவாக இருந்தாலும் விருந்து நடந்துவிடும்.

தவிர்க்க வேண்டியவற்றுள் முதலிடம் எண்ணெயில் பொரிப்பதற்கு. பொரிப்பதை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. சூடு ஆறினால் சுவை போய்விடும். அதன் வாடை தலைமுடியிலும் திரைச்சீலையிலும் மறுநாள்வரை தங்கும். விடாமல் கிளறவேண்டிய உணவுகளும், சிறு பிசகினால் முற்றாகக் கெட்டுப்போகும் இனிப்புகளும் அன்றைக்கு வேண்டாம். பூண்டைப் பற்றிப் பலர் தயங்குகிறார்கள். இருவருமே உண்பதாக இருந்தால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. அளவும் முக்கியமானது. வயிறு நிறைந்து கண் சொருகும் நிலையில் இனிய பேச்சு எதுவும் எழாது. ஒருவருக்குச் சுமார் 200 மில்லிலிட்டர் சூப், 150 கிராம் மீன் அல்லது இறைச்சி, அதே அளவு காய்கறி, ஒரு சிறு கிண்ணம் இனிப்பு என்ற கணக்கே நிறைவாக இருக்கும்.

எடுத்துக்காட்டாக, காரட் தக்காளி சூப், தாளில் பொதிந்து வேகவைத்த மீன், சாக்லேட் கிரீம் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்வோம். மூன்றுமே இதுவரை கரண்டி பிடிக்காதவர்களுக்கும் வசப்படக்கூடியவை. இவற்றுள் மீன் பொதியை மட்டுமாவது அதே வாரத்தில் ஒரு நாள் உங்களுக்காகச் சமைத்துப் பார்த்துவிடுங்கள். உங்கள் ஓவன் வேகமானதா மந்தமானதா என்பதை எந்தக் குறிப்பும் உங்களுக்குச் சொல்லாது.

சூப்: இரண்டு காரட், இரண்டு தக்காளி, ஒரு வெங்காயம் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி வெண்ணெயில் வெங்காயம் நிறம் மாறாமல் வதக்கியபின் மற்றவற்றைச் சேர்த்து, 500 மில்லிலிட்டர் நீர் ஊற்றி, மிதமான தீயில் இருபது நிமிடம் வேகவிடுங்கள். காரட் கரண்டியால் அழுத்தினால் நசுங்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க மிக்ஸியில் ஊற்றக் கூடாது. உள்ளே சேரும் ஆவி மூடியைத் தள்ளிக்கொண்டு சூப்பை வெளியே தெறிக்கச் செய்யும். நன்கு ஆறவிட்டு, ஜாரைப் பாதி அளவே நிரப்பி அரைத்து, உப்பும் மிளகும் சேர்த்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் பரிமாறுமுன் நன்றாகக் கொதிக்கவைத்து, அப்போது ஒருமுறை உப்புப் பார்க்க வேண்டும்.

சாக்லேட் கிரீம்: 80 கிராம் அடர் சாக்லேட்டைப் பொடியாகச் சீவிக் கிண்ணத்தில் இடுங்கள். 120 மில்லிலிட்டர் கிரீமை, ஓரங்களில் குமிழ் தோன்றி ஆவி எழும்வரை சூடாக்கிச் சாக்லேட்டின் மீது ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு நடுவிலிருந்து சிறு வட்டமாகக் கலக்கத் தொடங்கி மெல்ல வெளியே வர வேண்டும். முதலில் திரிந்ததுபோல் தெரிந்தாலும் சிறிது நேரத்தில் வழவழப்பாகிப் பளபளக்கும். கிண்ணமும் கரண்டியும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும், ஏனெனில் உருகும் சாக்லேட்டில் சில துளி நீர் பட்டாலே அது கட்டிதட்டிப்போகும். இரண்டு சிறு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, மூடிக் குளிரில் வைத்தால் மூன்று மணி நேரத்தில் இறுகிவிடும். சாக்லேட் ஏறத்தாழ 34 பாகை செல்சியஸில், அதாவது நம் உடல் வெப்பத்துக்குச் சற்றுக் கீழே உருகுவதால்தான் நாவில் வைத்தவுடன் கரைகிறது. மிகவும் குளிர்ந்திருந்தால் அந்தக் கரைதலும் மணமும் மட்டுப்படும். எனவே உண்பதற்கு அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவைக்க வேண்டும்.

மீன் பொதி: இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அன்றைய இரவின் வெற்றி பெரும்பாலும் இதைப் பொறுத்ததே. முள் நீக்கிய, இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள மீன் துண்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். முள் நீக்கியது என்று சொல்லிக் கொடுத்தாலும் நம்பிவிட வேண்டாம். துண்டை வெளிச்சத்தில் வைத்து, விரல் நுனியால் அதன் நடுக்கோட்டை இரு திசைகளிலும் தடவிப் பார்த்தால், எஞ்சியிருக்கும் முட்களின் நுனி விரலில் தட்டுப்படும். அவற்றை முடி பிடுங்கும் சிறு இடுக்கியால், முள் சாய்ந்திருக்கும் திசையிலேயே மெதுவாக இழுத்தால் சதை கிழியாமல் வெளிவரும். மங்கிய ஒளியில் உண்ணப்போகிறோம் என்பதால் இந்த வேலையைத் தவிர்க்க முடியாது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் முள் தேடும் நிலைக்கு யாரும் ஆளாகக் கூடாது.

ஓவன் வெப்பத்தைத் தாங்கும், சுமார் 40 சென்டிமீட்டர் அளவுள்ள இரண்டு சதுரப் பேக்கிங் (baking) தாள்களை எடுத்து, ஒவ்வொன்றையும் நடுவில் மடித்து விரித்துக்கொள்ளுங்கள். மடிப்பின் ஒரு பக்கத்தில் மெல்லியதாக அரிந்த வெங்காயம், குடைமிளகாய், தக்காளி ஆகியவற்றைப் பரப்பி, அதன்மேல் மீனை வைத்து, ஒரு சிறு துண்டு வெண்ணெயும் விருப்பமான பச்சை மூலிகை இலைகளும் வையுங்கள். உருளைக்கிழங்கு, காரட் போன்றவை மீனைவிட மெதுவாக வேகும். அவற்றைச் சேர்க்க விரும்பினால் முன்பே வேகவைத்துக்கொள்ள வேண்டும். தாளின் மறுபாதியை மூடி, ஒரு முனையிலிருந்து விளிம்பைச் சிறு சிறு மடிப்புகளாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி அழுத்தி மடித்துக்கொண்டே வந்து, கடைசி ஓர் அங்குலத்தை மட்டும் திறந்து விடுங்கள். உப்பும் எலுமிச்சைச் சாறும் முன்கூட்டியே போட்டால் உப்பு மீனிலுள்ள நீரை வெளியே இழுக்கும். எலுமிச்சையின் புளிப்பு மேற்சதையை வெளுத்து விறைக்கச் செய்யும். அதனால் அவ்விரண்டையும் ஓவனில் வைக்கும் நேரத்தில் அந்தத் திறப்பின் வழியாகச் சேர்த்து, பிறகு முனையை முறுக்கி மூட வேண்டும். இப்படித் தயாரான பொதிகளை மாலை முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கலாம்.

200 பாகை செல்சியஸில் நன்கு சூடேறிய ஓவனில் இது 12 முதல் 15 நிமிடங்களில் வெந்துவிடும். தாளுக்குள் அடைபட்ட ஆவியிலேயே வேகுவதால், ஓரிரு நிமிடம் கூடினாலும் மீன் உடனே வறண்டுவிடாது. முதன்முறை சமைப்பவருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் இந்தப் பொறுமைதான். மீனின் சதை கண்ணாடித் தன்மை நீங்கி வெண்மையாகி, முள்கரண்டியால் தொட்டவுடன் இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்துவிட்டது என்று பொருள். சமையல் வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 63 பாகையைத் தொட்டிருக்க வேண்டும். மீனுக்குப் பதிலாகக் கோழியை வைப்பவர்கள் 74 பாகைவரை காத்திருக்க வேண்டும். கோழி அரைவேக்காட்டில் இருப்பது சுவைக் குறைபாடு மட்டுமன்று, உடல்நலத்துக்கும் கேடு. சைவ உணவு உண்பவர்கள் அதே பொதியில் 200 கிராம் காளானும் பாலாடைக்கட்டித் துண்டுகளும் வைத்து 20 நிமிடம் வேகவைக்கலாம். ஓவன் இல்லாதவர்கள் மீனையும் காய்கறியையும் ஒரு தட்டில் வைத்து, மூடிய பாத்திரத்தில் பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்தாலும் ஏறக்குறைய அதே சுவை கிடைக்கும். உடன் உண்ணச் சோறோ நல்ல ரொட்டியோ போதும்.

குடிப்பதற்குக் குளிர்ந்த நீர், எலுமிச்சைத் துண்டு மிதக்கும் சோடா, பழச்சாறு என்று எதுவும் பொருந்தும். இருவரும் வைன் அருந்துபவர்களானால் வெள்ளை வைனை இரண்டு மணி நேரம் குளிரவைத்தால் போதும். அருந்தாதவரை அன்றைக்கு மட்டும் என்று வற்புறுத்துவது விருந்தோம்பல் ஆகாது.

மேசையும் வெளிச்சமும்

மேசையின் மீதுள்ள கணக்குத் தாள்கள், மருந்துப் பெட்டி, சார்ஜர் ஆகிய அனைத்தும் அந்த அறையை விட்டே போக வேண்டும். கண்ணில் படும் இடத்தில் அன்றாட வேலை கிடந்தால் பேச்சு தானாகவே மின்கட்டணத்துக்குப் போய்விடும். சுத்தமான ஒரு மேசை விரிப்பு, ஒரே வகையான இரண்டு தட்டுகள், இரண்டு குவளைகள், துணிக் கைக்குட்டைகள். இவை இருந்தால் அலங்காரம் முக்கால் பங்கு முடிந்தது. அகலமான மேசையில் எதிரெதிராக அமர்ந்தால் குரலை உயர்த்திப் பேசவேண்டியிருக்கும். மேசையின் மூலையை ஒட்டி அடுத்தடுத்த பக்கங்களில் அமர்வதே எனக்குச் சிறந்ததாகத் தோன்றுகிறது. பேசும்போது முகத்தைப் பார்க்கலாம், பேசாதிருக்கும்போது பார்க்கவேண்டிய கட்டாயமும் இருக்காது. பூக்கள் வைத்தால், நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும்போது எதிரிலிருப்பவர் முகத்தை அவை மறைக்காத உயரத்தில் இருக்க வேண்டும். கடுமையான மணமுள்ள மலர்கள் உணவின் மணத்தோடு மோதும். வீட்டில் பூனை இருந்தால் லில்லி மலர்களை உள்ளே கொண்டுவரவே கூடாது; அதன் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடிய நஞ்சு.

ஒரு சாதாரண அறையை அன்றைய அறையாக மாற்றுவதில் வெளிச்சத்துக்கு இணையானது வேறில்லை. கூரையிலிருந்து நேராக விழும் விளக்கொளி கண்ணுக்குக் கீழும் மூக்குக்குக் கீழும் நிழல் படியச் செய்து, எவரையும் களைத்தவராகக் காட்டும். அதை அணைத்துவிட்டு, முக மட்டத்துக்குச் சற்றுக் கீழாக, பக்கவாட்டிலிருந்து ஒளி வரும்படி ஒரு மேசை விளக்கை வைத்துப் பாருங்கள். பல்பு வாங்கும்போது அட்டையில் கெல்வின் என்ற அளவு அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம்: 6500 என்றால் அலுவலகத்தின் நீலம் கலந்த வெள்ளை, 2700 என்றால் இளமஞ்சள். மெழுகுவத்திச் சுடர் ஏறத்தாழ 1900 கெல்வின் அளவில் ஒளிர்வதால், அதற்கருகில் 2700 கெல்வின் பல்புதான் இயைந்து நிற்கும். மெழுகுவத்தியை மட்டுமே நம்பி மற்ற எல்லா விளக்குகளையும் அணைத்துவிடாதீர்கள். தட்டில் இருப்பது என்னவென்று தெரிய வேண்டும்.

மெழுகுவத்தி மணமற்றதாக இருக்கட்டும். திரியை ஆறு மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டிவிட்டால் சுடர் புகையாமல் நிதானமாக எரியும். திரைச்சீலை, காகிதம், உலர்ந்த பூ ஆகியவற்றிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். மின்விசிறியின் காற்றில் சுடர் ஆடினால் கரியும் மெழுகு வழிதலும் மிகுதியாகும். புழுக்கத்தால் விசிறி இல்லாமல் உட்கார முடியாது என்றால், மெழுகுவத்தியைத் துறந்து சிறு மின்விளக்குச் சரத்தை ஏற்றுவதே அறிவுடைமை. வியர்த்துக்கொண்டே பார்க்கும் சுடரில் எந்த இன்பமும் இல்லை.

இசை வேண்டுமென்றால் இரண்டு மணி நேரத்துக்குத் தொடர்ந்து ஒலிக்கும் ஒரு வரிசையை முன்பே அமைத்துவிடுங்கள். ஒலி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு: தாழ்ந்த குரலில் ஒரு வாக்கியம் சொன்னால் அது இசைக்கு மேலே தெளிவாகக் கேட்க வேண்டும். பாட்டின் சொற்கள் பேச்சோடு போட்டியிடும் என்பதால் வெறும் வாத்திய இசையே மேல். இடையில் விளம்பரம் வரும் செயலியைத் தவிர்க்கவும். சோப்பு விளம்பரத்தைத் தாங்கக்கூடிய இரவு அல்ல அது.

வாடையைப் பற்றி ஒரு சொல். சமைப்பவரின் மூக்கு சில நிமிடங்களிலேயே வீட்டின் வாடைக்குப் பழகிவிடுவதால், உங்களுக்கு எதுவும் தெரியாது. வெளியிலிருந்து வருபவருக்கு வாசலிலேயே தெரியும். விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பு குப்பையை, குறிப்பாக மீன் பொதிந்திருந்த உறையை வெளியேற்றிவிட்டு, சன்னல்களைத் திறந்துவைத்து, பத்து நிமிடம் வெளியே நடந்துவிட்டு உள்ளே வந்து முகர்ந்து பாருங்கள்.

நேரப் பட்டியல்

எட்டு மணிக்குத் துணை வருவதாக வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிடுவோம். பொருள்கள் வாங்குவது, சூப், சாக்லேட் கிரீம் ஆகிய மூன்றும் முந்தைய மாலைக்கு உரியவை. மீனை மட்டும் அன்றே புதிதாக வாங்கி, உடனே 4 பாகைக்கு மேற்படாத குளிரில் வைத்துவிட வேண்டும். விருந்து நாளன்று நான்கு மணிக்கு மேசையை முழுமையாக அமைத்துவிடுங்கள். பரிமாறும் கரண்டியும் சூப்புக் கிண்ணமும்கூட எடுத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். ஐந்தரைக்குப் பொதிகளைக் கட்டுங்கள். ஆறரைக்குள் பாத்திரங்கள் அனைத்தையும் கழுவி, தொட்டியைக் காலியாக்கிவிடுங்கள். காலியான தொட்டியின் அருமை எட்டரைக்குத்தான் புரியும்.

ஏழு மணியிலிருந்து ஏழரைவரை உங்களுக்கு உரிய நேரம். குளித்து, உடை மாற்றி, பத்து நிமிடமாவது சும்மா உட்காருங்கள். இந்த அரை மணி நேரத்தை வேறு வேலைக்குக் கடன் கொடுத்துவிட்டு, வெங்காய வாடையும் களைப்புமாக வாசலுக்கு வருபவர்களே அதிகம். நறுமணத் தைலம் பூசினால் மிகச் சிறிதளவே போதும். ஏழரைக்குச் சோற்றை அடுப்பில் ஏற்றி, வெந்ததும் திறக்காமல் மூடியே வைத்திருங்கள். ஏழு நாற்பதுக்கு ஓவனைச் சூடாக்கத் தொடங்குங்கள். எட்டுக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் சூப்பைச் சிறு தீயில் ஏற்றி, விளக்கையும் இசையையும் போட்டுவிடலாம்.

ஒரே ஒரு கட்டுப்பாடு: துணை வீட்டுக்குள் காலடி எடுத்துவைக்கும்வரை மீன் ஓவனுக்குள் போகக் கூடாது. அவர் வர அரை மணி தாமதமானாலும் அப்போது உங்களுக்கு இழப்பு எதுவுமில்லை. சூப் காத்திருக்கும், பொதி குளிரில் காத்திருக்கும், கோபத்துக்கும் காரணம் இருக்காது. அவர் வந்து கைகழுவி, பத்து நிமிடம் ஏதேனும் குடித்தபடி பேசியபின், எட்டு பத்துக்குச் சூப்பைக் கொதிக்கவைத்து ஊற்றி, அதே கையோடு பொதிகளில் உப்பும் எலுமிச்சையும் சேர்த்து மூடி ஓவனில் வைத்துவிட்டு மேசைக்கு வாருங்கள். நேரம் காட்ட ஒரு சமையலறை மணியை வைத்துக்கொள்வது நல்லது. கைப்பேசியில் மணி வைத்தால், அதை அணைக்க எடுத்த கை அதிலேயே தங்கிவிடும். கைப்பேசிகள் இரண்டும் வேறு அறையில் இருக்கட்டும்.

மணி அடித்ததும் பொதிகளை எடுத்து இரண்டு நிமிடம் ஆறவிட்டு, அப்படியே தட்டில் வைத்து மேசைக்குக் கொண்டுவாருங்கள். சாக்லேட் கிரீமையும் அப்போதே வெளியே எடுத்துவைத்துவிடுங்கள். கத்தரிக்கோலால் தாளின் மேற்புறத்தை, முகத்தைச் சற்று விலக்கியபடி வெட்டித் திறந்தால், வெண்ணெயும் எலுமிச்சையும் கலந்த ஆவி எழும். நாள் முழுவதும் செய்த வேலைக்கு அந்த ஒரு நொடியில் கூலி கிடைத்துவிடும்.

மேசையில் அமர்ந்த பிறகு

"நான் உதவட்டுமா?" என்று துணை கேட்டால் மறுக்க வேண்டாம். ரொட்டியை அரிவது, தண்ணீர் ஊற்றுவது போன்ற சிறு வேலை ஒன்றைக் கொடுத்தால் அவரும் இயல்பாக இருப்பார். பரிமாறும்போதே உணவின் குறைகளை நீங்களே பட்டியலிடத் தொடங்காதீர்கள். உப்புச் சற்றுக் குறைவு, மீன் கொஞ்சம் கூடுதலாக வெந்துவிட்டது என்று சமைத்தவரே சொன்னால், உண்பவருக்கு ஆறுதல் சொல்லும் பொறுப்பு வந்துவிடுகிறது. "நன்றாக இருக்கிறதா?" என்று ஒரு முறை கேட்கலாம், மூன்றாம் முறை கேட்பது விசாரணை. உணவுகளுக்கு இடையே பத்துப் பதினைந்து நிமிட இடைவெளி விடுங்கள். தட்டுகளை எடுத்துத் தொட்டியில் வைத்து நீர் ஊற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். ஒன்றே ஒன்றைக் கழுவிவிடலாம் என்ற எண்ணத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது.

ஏதேனும் பிசகினால்

சூப்பில் உப்புக் கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போட்டு எடுப்பதால் பயனில்லை. அது உப்பு நீரைக் குடிக்குமே தவிர, எஞ்சிய சூப்பின் உப்புச் செறிவைக் குறைக்காது. நீரோ கிரீமோ சேர்த்து நீர்க்கச் செய்வது ஒன்றே வழி. சாக்லேட் கட்டிதட்டிவிட்டால் வெதுவெதுப்பான கிரீமைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்துக் கலக்கினால் பெரும்பாலும் இளகி வரும். பொதியைத் திறந்தபின் மீனின் நடுப்பகுதி வேகவில்லை என்று தெரிந்தால், தாளை மீண்டும் மூடி ஓவனில் நான்கு நிமிடம் வையுங்கள். ஒரு வேளை எல்லாமே கருகிவிட்டால், சூப்பும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சேர்ந்தாலே அது முழுமையான இரவு உணவு. அதற்காகவே ரொட்டியைச் சற்று அதிகமாக வாங்கிவைக்கலாம். அடுப்பில் எண்ணெய் தீப்பற்றினால் ஒருபோதும் நீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து, பாத்திரத்தை உலோக மூடியால் மூடி, முற்றிலும் ஆறும்வரை திறக்காமல் விட்டுவிட வேண்டும்.

மிஞ்சியதை எடுத்துவைப்பது

இரவு எவ்வளவு இனிமையாக நீண்டாலும், சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது; வெயில் காலத்தில் அறையின் வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணி நேரமே கணக்கு. சோற்றில் இது இன்னும் முக்கியம், ஏனெனில் கொதிநீரிலும் அழியாத சில நுண்ணுயிர் வித்துகள் அதில் தங்கியிருந்து, வெதுவெதுப்பில் பெருகி, மறுபடி சூடாக்கினாலும் நீங்காத நஞ்சை உண்டாக்கக்கூடும். எனவே இனிப்புக்கு முன்பான இடைவேளையிலேயே மிஞ்சிய சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். உறங்கப்போகுமுன் ஓவனும் அடுப்பும் அணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சூப் மூன்று நாட்கள்வரை கெடாமல் இருக்கும். வேண்டிய அளவை மட்டும் தனியே எடுத்துக் கொதிக்கவைத்து, மீதியை மீண்டும் சூடாக்காமல் குளிரிலேயே விட்டுவிட வேண்டும். மிஞ்சிய மீனை மறுநாள் மதியமே ரொட்டிக்கு நடுவில் வைத்து உண்டு தீர்த்துவிடலாம்.